பனிமலைக்குக் கார் எடுக்கலாமா என்று கேட்ட மகளுக்கு

அல் குசைஸ், துபாய்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நஜீஹாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சுகம், கொஞ்சம் கூடுதலாகவே சுகம், சட்டைப் பொத்தான் தெறித்துக் கடையில் அரிசி மூட்டைக்குள் விழுந்துவிட்டது, யார் வீட்டுச் சோற்றில் கிடைக்குமோ தெரியவில்லை. குவைத் அப்பாசியாவில் நீயும் மாப்பிள்ளை லுக்மானும் பேத்தி ஷிரினும் இதே போல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ பத்து வரி சொல்லிவிடுகிறாய், உங்க உம்மா கொடுத்த சீதனம் அது. பக்கத்துக் கடை ராஜிக் அவன் அண்ணனைப் பார்க்கக் குவைத்துக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். டீச்சர் என்பதற்காக என் எழுத்தைச் சிவப்பு மையில் திருத்தாதே, நான் அஞ்சாம் வகுப்பு வரை போனதே மதியச் சாப்பாட்டுக்காகத்தான்.

அபுதாபி பக்கம் ருவைஸில் உன் மாமி ஹாலிதாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நாக்கு வலிதான் வரமாட்டேன் என்கிறது. கடையில் வியாபாரம் பரவாயில்லை. உங்க உம்மா போனதிலிருந்து எனக்குக் கிண்டல் செய்ய ஆள் இல்லை, சாமான் வாங்க வருகிற பாகிஸ்தான் பட்டாணியர்களைத் தமிழிலேயே கிண்டல் செய்கிறேன், அவர்கள் அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத கிண்டல் உப்பில்லாத கஞ்சியாக இருக்கிறது மகளே.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை போன் செய்தார். பள்ளிக்கூட லீவில் நீங்கள் குவைத்திலிருந்தும் நான் துபாயிலிருந்தும் ஜார்ஜியாவுக்குப் போய்ச் சேருவது முடிவாகிவிட்டது, காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் விழுவதற்கு இவ்வளவு தூரம் போகணுமா, இங்கே கடை வாசலில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று கேட்டேன், சிரித்தார். அங்கே மலை ஏறக் கார் வாடகைக்கு எடுக்கலாம், ஷிரினைத் தூக்கிக்கொண்டு வேனில் நெரிபட முடியாது என்கிறார். நீ வேன் போதும் என்கிறாயாம், வாப்பா சொல்றதுதான் முடிவு என்று என் தலையில் கட்டிவிட்டாயாம். நம் நாலு பேரில் லைசென்ஸ் உள்ளவள் நீ ஒருத்தி. மாப்பிள்ளை வாங்குகிற சம்பளத்துக்குக் குவைத்தில் லைசென்ஸ் தரமாட்டார்கள், நான் டெஸ்டில் மூன்று முறை தோற்றுச் சைக்கிளே கதி என்று ஆனவன், ஷிரினுக்குக் கால் எட்டாது. ஆகவே கார் வேண்டுமா என்று நீ கேட்கவில்லை, நீ ஓட்டலாமா என்று கேட்கிறாய். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உனக்கு வசதி.

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். மாமா, அன்னிக்கி போலீஸ் ஸ்டேஷன்ல நீங்க வாயே தொறக்காம நின்னீங்களாமே, அத நெனச்சுத்தான் இவ இன்னமும் வண்டியத் தொட மாட்டேங்குறா என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை. போன வருஷம் ருவைஸிலிருந்து நீயும் உம்மாவும் திரும்பி வந்த காலையில் மூடுபனி, நடுரோட்டில் நின்றுபோன லாரி, இதில் நீ என்ன செய்திருக்க முடியும். இந்த நாட்டுச் சட்டப்படி இறந்தவரின் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், வண்டி ஓட்டியவரை மன்னிக்கிறாயா என்று. இறந்தது என் பெண்டாட்டி, ஓட்டியது என் மகள். அரபி அதிகாரி கேட்டதை மொழிபெயர்க்க நின்ற மலையாளி தமிழில் சொன்னார், நீங்க மகளுக்கு மாப்புக் கொடுக்கறீங்களான்னு கேக்கறாங்க என்று. நீ கையில் கட்டோடு சுவர் ஓரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நின்றேன், ரொம்ப நேரம் நின்றேன், உண்மை. மன்னித்தேன் என்று சொன்னால் நீ குற்றம் செய்தவள் என்று ஆகிவிடும். அந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நின்றேன் மகளே. படித்தவனாக இருந்தால் கிடைத்திருக்கும். என்னிடம் இருந்த சொற்கள் சரக்கு விற்கிற சொற்கள். கடைசியில் அவர்கள் கேட்ட சொல்லையே சொல்லிவிட்டு வந்தேன், வெளியே வந்த பிறகாவது உன்னிடம் விளக்கியிருக்கலாம், நீ அழுதுகொண்டிருந்தாய், நான் டாக்ஸி பிடிக்க ரோட்டுக்குப் போய்விட்டேன். அந்த மௌனத்தை நீ இப்படிக் கூட்டிக் கழித்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் என் முடிவு, கார் எடு. பனிக்கு ஏற்ற டயர் போட்ட வண்டியாகக் கேட்டு வாங்கு, ஷிரினுக்குப் பின்னால் குழந்தை சீட். காலையில் எழுந்து ரோட்டைப் பார். பனி கொட்டினாலோ உன் மனசு நடுங்கினாலோ சாவியை வைத்துவிடு, அறையில் உட்கார்ந்து டீ குடிப்போம், எனக்குச் சறுக்கியே ஆகணும் என்று ஒன்றும் இல்லை. அது வண்டி ஓட்டுகிறவள் சொல்கிற வேண்டாம், அதற்குக் கட்டுப்படுவேன். ஆனால் குவைத்தில் உட்கார்ந்துகொண்டு வாப்பா வேண்டாம்னுட்டாங்க என்று என் பெயரில் சொல்லாதே, நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். முன் சீட்டில் நான் உட்காருவேன். வாயை மூடிக்கொண்டு வரமாட்டேன், அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேரத்துக்குத் தொழு, இருமலுக்கு வெந்நீர் குடி, மாப்பிள்ளைக்கும் ஷிரினுக்கும் என் சலாமும் முத்தமும். உன் கையும் காலும் கண்ணும் நல்லபடி இருக்க அல்லாஹ் துணை நிற்பானாக. ராஜிக் இந்த உறையைக் கொடுக்கும்போது உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்படும். குவைத்துக்குப் போகிற அன்று சமையலறையில் நீ விட்டுவிட்டுப் போன உன் லைசென்ஸ் அது. மறந்து வைத்தது இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். திருப்பி அனுப்பினால் வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
நீ ஓட்டும் வண்டியில் ஏறக் காத்திருக்கும்
வாப்பா கலீல் ரஹ்மான்