வலது கைக்கு ஒரு மஃப்ளர்

மார்ச் 3

இருபது கண்ணியில் பின்னத் தொடங்கிய மஃப்ளர் இன்று இருபத்து நாலு கண்ணியில் நிற்கிறது. நான் எதையும் சேர்க்கவில்லை. அதுவாகவே குட்டி போட்டிருக்கிறது. மனைவியிடம் கேட்டேன். ஓரத்தில் நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் போட்டால் ஒரு கண்ணி இரண்டாகிவிடுமாம். எட்டு வரிசையையும் பிரித்தேன். பிரிப்பதற்கு மட்டும் இந்தக் கை நன்றாக வேலை செய்கிறது.

இருபத்தாறு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். அறுபது அடுக்குத் துணியைக் கோடு பிசகாமல் ஒரே ஓட்டத்தில் வெட்டியவன். இப்போது கம்பளி நூலோடு மல்லுக்கட்டுகிறேன்.

மார்ச் 5

மெஷின் கத்தி கிழித்த இரண்டு விரலும் மடங்கிப் பழக வேண்டும், அதற்குப் பின்னல்தான் பயிற்சி என்று பிசியோதெரபி பெண் முதலில் சொன்னபோது சிரித்தேன். இன்று அவள் பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏழு இடத்தில் கண்ணி நழுவி ஓட்டை.

"நீங்க பின்றதுதான் எனக்கு ரிப்போர்ட். வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள்.

கை தேறிவிட்டது என்று ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என் மேசைக்கு வேறு ஆள். மேனேஜர் நயமாகத்தான் சொன்னார். சொன்னது அதுதான்.

மார்ச் 9

நூல் தீர்ந்தது. கடையில் அதே பச்சை கேட்டு வாங்கிவந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் வேறு பச்சை. துணியில் சாயம் மாறியிருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லுவேன். கையோடு கண்ணும் போய்விட்டதா?

மார்ச் 12

கோபத்தில் இறுக்கிப் பின்னியிருக்கிறேன். கண்ணிக்குள் ஊசி நுழைய மாட்டேன் என்கிறது. மகள் போனில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மா இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 18

நேற்று மூன்று ஓட்டை விட்டதாக நினைவு. இன்று எடுத்தால் ஒன்றுதான் இருக்கிறது. சரியாக எண்ணவில்லை போல.

மார்ச் 25

இந்த வாரம் ஓட்டையே இல்லை. காலையில் பின்னும்போது விரல் தடுமாறியதாகத்தான் தோன்றுகிறது. மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது. எனக்கே தெரியாமல் கை தேறி வருகிறதோ? மனைவியிடம் காட்டினேன். நல்லா வருதுங்க என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

ஏப்ரல் 2

பிசியோதெரபி பெண் எழுதிக் கொடுத்துவிட்டாள். கைப்பிடியின் பலத்தை அளக்கிற கருவியில் முள் கொஞ்சம்தான் ஏறியது. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு மஃப்ளரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இவ்வளவு சீராகப் பின்னுகிற கை வேலைக்குப் போகலாம் என்றாள். திங்கட்கிழமை முதல் வேலை.

ஏப்ரல் 6

அறுபது அடுக்கு. கழுத்து வளைவில் மெஷினைத் திருப்பும்போது இரண்டு விரலும் பிடியை விட்டுவிட்டன. கத்தி கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அறுபது சட்டையின் முன்பக்கமும் பாழ். யாரும் திட்டவில்லை — அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போங்க மாஸ்டர் என்றார் மேனேஜர். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோரம் மனைவி என் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தாள். நேற்று நான் நழுவவிட்ட கண்ணியைக் கொக்கி ஊசியால் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஓட்டை விழுந்த அன்னிக்கெல்லாம் நீங்க சாப்பிடல. ஒண்ணு ரெண்டு எடுத்து விட்டேன், சாப்பிட்டீங்க. அப்புறம் நிறுத்த முடியலங்க."

என்னென்னவோ கத்தினேன். எழுதி என்ன ஆகப்போவுது? நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சா, பாவி. ஆனா என் கை எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டாளே.

ஏப்ரல் 9

தட்டு மேசைக்கு வருகிறது, போகிறது.

ஏப்ரல் 16

பிசியோதெரபி பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போய்ப் பெரிய டாக்டரிடம் அனுப்பினாள். அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். இதற்கு மேல் பெரிதாக வராதாம். வீட்டு வேலைக்குப் போதும், மெஷின் வேண்டாம் என்றார்.

அப்படியென்றால் மனைவி ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் மேசை போயிருக்கும். அந்த அறுபது முன்பக்கம் மட்டும் தப்பியிருக்கும். இதை அவளிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 18

சொன்னேன். அழுதாள். நானும்தான்.

மே 4

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கம்பெனிக்குப் போக வேண்டும். அவளும் வருகிறேன் என்றாள். எட்டேகால் பேருந்து.

அடிபட்டதிலிருந்து என் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுவாள். இன்று நானே போடுகிறேன் என்று அந்த இரண்டு விரலையும் வைத்துத் தொடங்கினேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரு எட்டு உள்ளே வைத்தாள். அப்புறம் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தெருமுனையில் பேருந்து நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. நான் மூன்றாவது பொத்தானில் இருந்தேன்.

"அடுத்தது ஒம்பது மணிக்கு" என்றாள்.