ஊற்றான மகளுக்கு ஓர் ஈயத்தகடு

ஆர்க்காடிய மலைச்சரிவு,
முதல் மழைக்கு முன்.

சிசிலித் தீவில் ஊற்றாக இருக்கும் என் செல்ல மகள் எர்ஸீனாவுக்கு, உன் அப்பன் லாலியோன் ஆறு கரை கொள்ளாத அன்போடு எழுதுவது. இங்கே ஆறாக நான் ஓடவும் மரமாக உன் அம்மா நிற்கவும் முடிகிற அளவுக்கு நலம். அங்கே உன் தண்ணீர் தெளிவாக இருக்கவும், ஆடுமாடு இறங்கிக் கலக்காமல் இருக்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். முதலில் ஒன்று, ஈயத்தகடு மடியில் வந்து விழுந்ததும் எவனோ எவனையோ சபித்து எறிந்திருக்கிறான் என்று பயந்துவிடாதே. எதிராளியின் நாக்கு இழுத்துக்கொள்ளட்டும், அவன் குதிரை நொண்டட்டும் என்று எழுதித்தான் ஊரார் ஈயத்தைத் தண்ணீரில் போடுவார்கள், எனக்குத் தெரியாதா, என் வயிற்றிலேயே அப்படி ஒரு மூட்டை கிடக்கிறது. ஆனால் தாளில் எழுதினால் ஊறிப்போகும், மரப்பலகையில் எழுதினால் மிதந்துகொண்டே இருக்கும், உன் அடிவரைக்கும் வந்து சேருவது ஈயம் ஒன்றுதான். கூழாங்கல்லால் நானே கீறியது. எழுத்து கோணலாக இருந்தால் அது என் பிறவி வளைவு, பொறுத்துக்கொள்.

உன் அப்பனின் இந்த வருஷத்துப் பெருமையைக் கேள். குளிர்காலத்தில் நான் புரண்ட புரளலில் எதிர் மலை மிரண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றது. எகிப்திலிருந்து நைல் நதி ஆளனுப்பி, அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே, இங்க எங்க பேரு கெட்டுப்போகுது என்று கெஞ்சியது, போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தேன். என்னிடத்தில் வளர்ந்த மீன் ஒன்றைப் பிடித்த செம்படவன் அதைக் கரையேற்ற முடியாமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு அதன் வாய்க்குள்ளேயே குடியேறிவிட்டான், செவுள் வழியாக நல்ல காற்று வருகிறதாம். நம் சொந்தத்தில் உருமாறியவர்களும் சௌக்கியமே. நாணலாகிப் போன உன் சித்தப்பன் மகளை இடையர்கள் அறுத்து அறுத்துக் குழல் செய்கிறார்கள், அவளும் சளைக்காமல் முளைக்கிறாள், மனுஷி போல இருந்த காலத்தில் இவ்வளவு நன்றாகப் பாடியதே இல்லை. பைன் மரமான உன் பெரியப்பன் மகள் போன வருஷத்தைவிட ஒரு முழம் உயரம். பெரியப்பன் சாயங்காலம் தவறாமல் போய் அவள்மேல் சாய்ந்து உட்கார்ந்து, என்னம்மா, இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா என்று கேட்பான், அவள் அவன் மண்டையில் ஒரு காயைப் போடுவாள், பாத்தியாடா லாலியோன், பதில் சொல்றா பாரு என்று என்னிடம் தலையைத் தடவிக்கொண்டே காட்டுவான். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

வடகாற்றுப் பயல் உன்னைத் துரத்திய அன்று நீ வேட்டைத் தெய்வத்தைக் கூப்பிட்டாய், அவளும் ஓடி வந்தாள், குறை சொல்லவில்லை. உன்னை மரமாக்கியிருந்தால் நிழலிலாவது உட்கார்ந்திருப்போம். அவள் உன்னைத் தண்ணீராக்கி, மண்ணைப் பிளந்து, கடலுக்கு அடியிலேயே அந்தத் தீவு வரைக்கும் ஓடவிட்டாள். இனி அவனால் உன்னைப் பிடிக்க முடியாது, சந்தோஷம். எங்களாலும் முடியாது. நான் கடல்வாய் வரைக்கும் வரலாம், அதற்கு மேல் போனால் நான் நானாக இருக்க மாட்டேன், உப்பாகிவிடுவேன். உன் அம்மாவுக்கோ வேர். கருவாலி மரத்தோடு பிறந்தவள் அதைவிட்டு எங்கே வருவாள்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எந்தப் பனியிலும் இலை உதிர்க்காத மரம் அது, உனக்குத் தெரியும். கடல் இருக்கிற மேற்குப் பக்கத்துக் கிளைகளில் இப்போது இலை இல்லை. மரம் பட்டுப்போனால் அவளும் போய்விடுவாள். ப்ரினோ, கொஞ்சம் சாப்பிடு, என்கிட்ட தண்ணி எடுத்துக்கோ என்று வேரடியில் போய் நின்று கெஞ்சினால், எனக்குத் தொண்டைக்குக் கீழ இறங்கலைங்க என்கிறாள்.

இதைப் பார்த்துத்தான் குயவன் மனைவி லிஸில்லா, ரொம்ப நல்ல மனசோடு, ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மணப்பெண்ணைக் குளிப்பாட்ட என்னிடம் மொண்டு போவார்களே, அந்த நீண்ட கழுத்துக் கல்யாணக் குடம். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணின் சமாதியிலும் அதே குடத்தைத்தான் வைப்பார்கள். ஆத்தய்யா, ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாணத் தண்ணி குடுத்த, உன் பொண்ணுக்கு இந்த ஒரு குடத்தக் கரையில நட்டு வெச்சிடலாம்யா, ஆத்தாவுக்கு மனசு ஆறும் என்றாள். நான் பொங்கி எழுந்தேன், உலகமே மூழ்குமாறு சீறினேன், அவளுடைய ஒரு செருப்பு நனைந்தது. என் பொண்ணு செத்துட்டான்னு உனக்கு எவன் சொன்னான் என்று கத்தினேன். அப்போது உன் அம்மா மேலேயிருந்து மெதுவாகச் சொன்னாள், வைக்கட்டுமேங்க, நின்னு அழுறதுக்கு எனக்கு ஒரு இடம் வேணும். மழைக்கு முன்னால் முடிவு சொல்கிறேன் என்று தவணை வாங்கினேன்.

அதற்குள் லிஸில்லாவின் தம்பி மிர்சோன் கப்பலில் திரும்பி வந்தான். நீ எங்கே வெளிவந்தாய் என்று அதுவரை எங்களுக்குத் துப்பில்லை. சிசிலியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஊற்று கிளம்பியிருக்கிறது, அந்த ஊர்க் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அதில்தான் தண்ணீர் மொள்கிறார்கள் என்றான். அப்பன் தொழிலைப் பொண்ணு பார்க்கிறாள் என்று எனக்கு நுரை தள்ளிவிட்டது. அப்புறம் அவன் சொன்னதுதான் விஷயம். மாமா, அங்க ஒருத்தன் தன் கழுதை ரதத்தை முந்திடுச்சுன்னு அளந்தான் பாருங்க, உடனே தண்ணி குபுகுபுன்னு பொங்கிருச்சு, எவன் பீலா விட்டாலும் பொங்குதாம் என்றான். எனக்கு உடம்பெல்லாம் அலை அடித்தது. நான் அளக்கும்போதெல்லாம் நீ வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் குபுக்கென்று சிரிப்பாயே, அதுதானே. உன் அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. போன வருஷம் இந்த மிர்சோன்தான ஒத்தைக்கண் அரக்கனோட பந்து விளையாடினேன்னு சொன்னான், நம்ம அழுகைய நிறுத்த ஏதோ சொல்றான் விடுங்க என்றாள். ஒரு கிளை இன்னும் வாடியது.

ஆகையால் அந்தக் குடத்தையே மிர்சோனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் தங்கை தலீராவுக்குக் குளிர்காலப் பௌர்ணமியில் கல்யாணம், மாப்பிள்ளை லிஸில்லாவின் மகன், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம், நம் குடும்பத்துக்குப் பொருந்துவான். அக்கா தண்ணி வந்தாத்தான் குளிப்பேன், இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் என்று அவள் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். குடத்தை நிரப்பி அனுப்பு. மிர்சோன் வழிக் கிணற்றில் மொண்டு வந்து ஏமாற்ற நினைத்தால் நடக்காது, ஒரு வாய் குடித்தால் பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். உன் தண்ணீர் வந்தால் அது கல்யாணக் குடம். காலியாக வந்தால், லிஸில்லா காட்டிய இடத்தில் அதை நட்டுவிடச் சொல்வேன், உன் அம்மாவை அதற்குமேல் தடுக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாயக்காரர்களை உன்னில் கம்பளி அலச விடாதே. தவளை வந்தால் துரத்தாதே, பேச்சுத்துணைக்கு ஆகும். வடகாற்று வீசும் நாளில் கல்லுக்கு அடியில் போய் இரு. குனிந்து குடிக்கும் குழந்தைகளின் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள், நாங்கள் பார்க்க முடியாததற்கும் சேர்த்து. பாறையெல்லாம் தேய்ந்து மணலாகும் காலம் வரைக்கும் நீ வற்றாமல் இருக்க வேண்டும், இது அப்பன் ஆசீர்வாதம், மேற்குக் கிளைகளை உன் பக்கமாக நீட்டி அம்மாவும் ஆசீர்வதிக்கிறாள்.

மறக்காதே. தகட்டை உன்னிடம் போடுவதற்கு முன்னால் மிர்சோன் கரையில் நின்று உரக்கப் படிப்பான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே படிக்கச் சொல்லியிருக்கிறேன். மலை, நைல், மீன் எல்லாம் அதற்காக எழுதியதுதான். எந்த இடத்திலாவது ஒரு தடவை பொங்கு, போதும். இனி வரும் வரிக்கு மட்டும் சிரிக்காதே கண்ணே. உன்னைத் தேடித் தேடி நான் மெலிந்துவிட்டேன், பெண்கள் இப்போது பாவாடையைத் தூக்கிப் பிடிக்காமலே என்னைக் கடந்து போகிறார்கள்.

இப்படிக்கு,
கணுக்கால் அளவுத் தண்ணீரில் காத்திருக்கும்
உன் அப்பன் லாலியோன்