உன் வீட்டுக் கூடத்தில் எனக்குப் போடாத இலை

டிரினிடாடிலிருந்து வந்த பார்சலை இன்று காலை பிரித்தேன். சோப்பு, பிஸ்கட், அந்தத் தீவில் விற்கும் மிளகாய் சாஸ் ஒரு பாட்டில். மூடியைத் திறந்ததும் காரமும் புளிப்புமாக நெடி மூக்கில் ஏறியது. அன்று அங்கிருந்து வந்த கம்பெனி மேலாளர் உனக்கும் எனக்குமாகக் கொண்டுவந்த அதே சாஸ். நீ செத்து ஒரு வருஷமாகியும் உன் மேல் இருக்கிற ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

பூதலூரில் உன் அரிசி மில், என் ஏற்றுமதி லைசென்ஸ். இரண்டு பேரும் கூட்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே நீ என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவாய். அந்த உறவெல்லாம் உன் வீட்டு வாசல் வரைக்கும்தான். கரீபியன் தீவுகளுக்கெல்லாம் மளிகைச் சாமான் விநியோகிக்கிற அந்தக் கம்பெனியை மெயில் மேல் மெயில் போட்டுப் பிடித்தவன் நான். நம் புழுங்கல் அரிசியைப் பார்க்க அவர்களுடைய மேலாளர் நேரில் வந்தார். விருந்து உன் வீட்டில் என்றாய்.

அன்று மத்தியானம் மில் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். "தப்பா நெனச்சுக்காத மாப்ளே. வீட்ல பெரியவங்க இருக்காங்க. ஒனக்கு சாப்பாடு இங்கயே அனுப்பிடறேன்."

என் அப்பா உங்கள் வயலில் நாற்றுப் பறித்தவர். உன் வீட்டுப் பெரியவர்கள் அதை மறக்கவில்லை, நீயும்தான். டிபன் கேரியர் வந்தது. நான் திறக்கவே இல்லை. மேலாளர் என்னைத் தேடியதற்கு, எனக்கு வயிற்று வலி என்று சொன்னாயாம்.

சாப்பிட்டுவிட்டு மில்லுக்கு வந்த மனிதர், போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன அவருடைய கொள்ளுத்தாத்தா. திருவாரூர்ப் பக்கம் பண்ணையாளாக இருந்தவராம். குடும்பத்தில் மறக்காமல் சொல்லி வந்த தெருவின் பெயரையும் சொன்னார். அது என் அம்மா பிறந்த தெரு.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் உன்னிடம் சொன்னேன். "ஒன் கூடத்துல உக்காந்து சாப்ட்டவரு எங்க தெருக்காரருடா." உன் முகம் போன போக்கை இன்றும் ஆசையாக நினைத்துப் பார்க்கிறேன். அன்று சாயங்காலமே கூடத்தைக் கழுவிவிடச் சொன்னாய். உன் டிரைவர் வந்து சொன்னதும் கூட்டை முறித்தேன். "நான் இல்லாம ஒரு மூட்டை வெளிய போவாதுடா" என்று கத்தினாய். போனது. கம்பெனி என்னோடு வந்தது. உன் மில் ஓடாமல் கிடந்த நாட்களில் வேண்டுமென்றே அந்த வழியாக வண்டியை விட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்று மத்தியானம் உன் மகன் வந்தான். "அங்கிள், எங்க மில்லு அரிசியையும் உங்க லோடுல சேத்துக்கணும்" என்றான். முடியாது என்று சொல்வதற்காகவே எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதைவிட நல்லதாக ஒன்று தோன்றியது.

"மொதல்ல சாப்பிடு தம்பி. அப்பறம் பேசலாம்."

என் கூடத்தில் என் மனைவி இலை போட்டாள். தயங்கினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவது என்றுதான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். சாஸைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு இலையைக் காட்டி, "அத்தை, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றான்.

கேட்டாயா? அத்தை என்றான், என் வீட்டுக்குள் உட்கார்ந்து.

அவன் அரிசியை எடுத்துக்கொள்கிறேன். உன்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அவன் போன பிறகு எங்கள் கூடத்தை யாரும் கழுவிவிடவில்லை. அதுவும் உனக்குத் தெரியட்டும்.