நாரைக்கு வைத்த மூன்று பொட்டு

ஆயுத பூஜை, மாலை 4.50. வேம்பார் தொழிற்சாலை, கூடம் இரண்டு

எழுதுபவர்: இசக்கியம்மாள், பறப்புச் சோதனைப் பொறியாளர். விமானம்: நாரை, எங்கள் நிறுவனத்தின் முதல் ஜெட், தொண்ணூறு இருக்கை. விமானி கிடையாது, கையால் ஓட்ட வழியும் கிடையாது. ஓட்டப்போவது மாலுமி என்ற கணினி. இங்கே நான் தட்டச்சு செய்வதெல்லாம் பதிவுப்பெட்டிக்குள் போய்ச் சேரும்.

எரிபொருள் நிரப்பியாயிற்று. சக்கரக் காற்று சரி. செயற்கைக்கோள் வழிகாட்டி வேலை செய்யவில்லை. நான்கு மாதமாகச் சந்தா கட்டவில்லை.

முதல் பறப்பு டிசம்பரில்தான் என்று திட்டம் இருந்தது. விஜயதசமிக்குள் மேலே போய், மனிதக் கை படாமல் இறங்கிக் காட்டினால்தான் கடைசித் தவணை என்று வங்கிகள் சொல்லிவிட்டன. காட்டினால் ஆயிரத்து நானூறு பேருக்கு ஐந்து மாதச் சம்பளப் பாக்கி வரும். இல்லாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு. நாளைக்கே பறக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவில் நான்கு பேர். மூன்று பேர் சரி என்றார்கள். வேண்டாம் என்றவள் நான். அதற்குப் பரிசாக, உள்ளே உட்கார்ந்து போகும் வேலையையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

நிர்வாக இயக்குநர் கோதண்டபாணி முன்பு பிஸ்கட் கம்பெனி நடத்தியவர். கெட்டவர் இல்லை. எதைக் கேட்டாலும் எல்லாரையும் கேட்டுச் சொல்வதாகச் சொல்வார், அவ்வளவுதான். கழிவறைக்கு பல்பு மாற்றவும் அவர் கையெழுத்து வேண்டும். நாங்கள் இருட்டிலேயே பழகிவிட்டோம்.

பூஜைக்கு ஆட்கள் சொந்தக் காசில் பொரிகடலை வாங்கி வந்தார்கள். பெயின்ட் பிரிவு மேஸ்திரி சுடலைமுத்து அண்ணன் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார். கதவுக்குப் பக்கத்தில் பெயின்ட் அடிக்காமல் பளபளக்கும் மூன்று வட்டத் தகடுகளில் வரிசையாகப் பொட்டு வைத்தார். "காத்துல போயிரக்கூடாதுன்னு கொஞ்சம் பசையும் சேத்துருக்கேம்மா" என்றார். பதினோரு வருடம் இழைத்த விமானம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள்.

விஜயதசமி, காலை 7.35. ஓடுபாதை முனை

பறக்கும் முன் விமானத்தைச் சரிபார்க்கும் பரிசோதகர்கள் ஆறு பேரையும் நேற்று மாலையே மின்னஞ்சல் அனுப்பி வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். காலையில்தான் எனக்குத் தெரிந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் அவர்கள் பார்க்க வேண்டிய முப்பத்தொரு கட்டங்களிலும் நானே கையெழுத்துப் போட்டேன். பதினோரு நிமிடம். நல்ல நேரம் எட்டோடு முடிகிறதாம்.

காலை 7.52. உயரம் 3,000 அடி

பறக்கிறது. எத்தனை திட்டு, எத்தனை கூட்டம், எத்தனை தலைமைப் பொறியாளர்கள் போய் வந்தார்கள். பறக்கிறது. கொஞ்சம் அழுதேன், மறைப்பானேன். கீழே கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஜெபஸ்டின் பேசினான்.

"அக்கா, இங்க எல்லாரும் கை தட்டுதாங்க. கேக்குதா?"

காலை 8.20. உயரம் 14,210 அடி

கடலுக்கு மேல் வட்டமடிக்கிறோம். எல்லாம் திட்டப்படி. எண் கொஞ்சமும் அசையவில்லை. மாலுமிக்கு நல்ல கை என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 8.31. உயரம் 14,210 அடி

இறக்கம் தொடங்கியது. நிமிடத்துக்கு ஆயிரம் அடி.

காலை 8.33. உயரம் 14,210 அடி

எனக்குக் காது அடைக்கிறது. மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது. எண் மட்டும் அப்படியே நிற்கிறது. ஜெபஸ்டினிடம் கேட்டேன். அவன் திரையிலும் பதினாலாயிரம்தான். அது இந்த விமானம் கீழே அனுப்பும் அதே எண்தான்.

காலை 8.35

போட்டோவைப் பார்த்தேன். அந்த மூன்று தகடுகளிலும் ஊசித் துளைகள் இருக்கின்றன. வெளிக் காற்றின் அழுத்தம் அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே வரும். அதை வைத்துத்தான் மாலுமி உயரம் கணக்கிடும். பசை கலந்த சந்தனம் ஏறும்வரை கொஞ்சம் காற்று விட்டிருக்கிறது, மேலே குளிரில் இறுகி முழுக்க அடைத்துவிட்டது. உள்ளே அடைபட்டிருப்பது பதினாலாயிரம் அடியின் காற்று. இன்னும் அந்த உயரத்திலேயே இருப்பதாக நம்பி மாலுமி இறக்கிக்கொண்டே போகும். அண்ணனுக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். பரிசோதகர்கள் துடைத்துவிடுவார்கள் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்க்காமலே அந்தக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

வலப்பக்கத்திலும் மூன்று தகடு முதலில் இருந்தது. சிக்கனம் என்று போன வருடம் எடுத்துவிட்டார்கள்.

காலை 8.37

கோதண்டபாணி லைனில் வந்தார். மாலுமி அந்த எண்ணை நம்பாதபடி தகடுகளின் ஃபியூஸைப் பிடுங்கட்டுமா என்று கேட்டேன். வங்கிக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்களாம், குரலைத் தாழ்த்தினார். "கை பட்டா எல்லாமே போச்சும்மா. கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கிறேன். அவருக்காக இல்லை. ஐந்து மாதமாக டீக்குக் கடன் சொல்லி வேலைக்கு வருகிறவர்களுக்காக. கீழே மேகம் இருக்கிறது. மேகத்தின் ஈரத்தில் சந்தனம் கரைந்தாலும் கரையும்.

காலை 8.40

மேகத்துக்குள் இருக்கிறோம். ஜன்னலெல்லாம் தண்ணீர். எண் 14,210. கரைந்துவிடு. கரைந்துவிடு.

காலை 8.42

மேகம் முடிந்தது. கரையவில்லை. பசை.

மீன்பிடி வள்ளங்கள் தெரிகின்றன. ஒரு வள்ளத்தில் நிற்கிற ஆள் தெரிகிறான். கீழே அலை அனுப்பி உயரம் அளக்கும் ரேடியோ உயரமானி இப்போதுதான் விழித்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் அது பேசாது. உண்மையைச் சொல்கிறது: 2,400. எந்த எண்ணை நம்புவது என்று மாலுமி வாக்கு எடுத்தது. மூன்று தகடுகளும் 14,210. மூன்றுக்கு ஒன்று. ரேடியோ பழுது என்று ஒதுக்கிவிட்டு இன்னும் இறங்குகிறது.

ஃபியூஸ் பெட்டி பின்னால். போகிறேன்.

காலை 8.43

இரண்டைப் பிடுங்கிவிட்டேன். மூன்றாவது ஃபியூஸ் மூக்குப் பகுதியில், தரைத்தட்டுக்கு அடியில். பதினாறு திருகாணி. முடியாது.

இப்போது ஒன்றுக்கு ஒன்று. சமமானால் மாலுமி நிர்வாக இயக்குநரைக் கேட்க வேண்டும், பதில் வரும்வரை போகிற போக்கிலேயே போக வேண்டும். அவர்தான் இந்த விதியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தவள் நான். எதிர்த்துக்கூடப் பேசவில்லை.

அவர் திரையில் இரண்டு பொத்தான் வந்திருக்கும். தகடு. ரேடியோ. ஃபியூஸ் தானாகப் போனது என்று வங்கியிடம் சொல்லிக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினால் அது மனிதக் கை.

காலை 8.44. ரேடியோ: 700

"ஐயா, ரேடியோ பொத்தானை அழுத்துங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க. அழுத்துங்க."

ஜெபஸ்டின் அழுவது கேட்கிறது. பொத்தான் அவன் பக்கம் இல்லை.

"இசக்கியம்மா, லைன்லயே இருங்க. ஒரே ஒரு நிமிஷம். எல்லாரையும் கேட்டுச் சொல்றேன்."

ரேடியோ: 450

ஒரு நிமிடம் என்பது ஆயிரம் அடி.

இதை எடுப்பவர்களுக்கு: சுடலைமுத்து அண்ணனை ஒன்றும் சொல்லாதீர்கள். கையெழுத்து என்னுடையது.

ரேடியோ: 200

திரையில் மாலுமியின் ஒரே வரிதான் நிற்கிறது. நிர்வாகத்தின் பதிலுக்குக் காத்திரு