நிறம் போன தண்ணீர்

அன்பு மகள் மலர்விழிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், கல்வராயன் மலையில் நாலு நாளாக மழை, ஊரே குளிர்ந்து கிடக்கிறது. கொரியாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்பாய், அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறையின் தண்ணீர் இறங்கி ஊர்க்கிணறு சிவந்துபோனதும், ஊர்க்காரர்கள் மனு கொடுத்ததும் உனக்குத் தெரியும். முதலாளி தங்கதுரை பட்டறையையே மூடிவிடுவதாகச் சொல்லி, அங்கே வேலை பார்க்கும் நாங்கள் பதினோரு பெண்களும் கதிகலங்கி நின்ற அன்றுதான் உன்னிடம் புலம்பினேன், சாயத்தை உடைப்பதுதான் என் படிப்பே என்று நீ சிரித்தாய். நீ சொல்லி அனுப்பிய சேலம் கல்லூரி சார் வந்து, ஒரு டிரம் சாயத்தண்ணீரில் இரும்புத்தூளையும் பெர்சல்பேட் என்கிற அந்த வெள்ளை உப்பையும் அளந்து போட்டுக் கலக்கினார். இரும்பு பட்டதும் உப்புக்கு வேகம் வந்து சாயத்தைத் துண்டு துண்டாக வெட்டுமாம். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் சிவப்பு போய்விட்டது. தண்ணீரில் ஏறிய அமிலப் புளிப்பு அடங்கச் சுண்ணாம்பு போட்டதும் துரு அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அப்பா வந்து பார்த்துவிட்டு, வெற்றிலைக் கறை பட்ட தன் சட்டையை அதில் முக்கலாமா என்று கேட்டார், விரட்டிவிட்டேன்.

தங்கதுரைக்கு ஒரே குஷி, இப்போதே வாய்க்காலில் திறந்துவிடு என்றார். நிறம் போவது வேறு விஷம் போவது வேறு என்று நீ படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்து, டிரம்முக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். “நெறம்தாங்க போயிருக்குது, உள்ள இன்னா இருக்குதுன்னு டெஸ்ட்டு வரட்டும், அதுவரைக்கும் தொறக்க மாட்டேன்” என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் பேசியதே இல்லை, வேலை போச்சு என்றே நினைத்தேன். சாரும் என் பக்கம் பேசினார். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது, வெட்டுப்பட்ட சாயத்துண்டுகள் இன்னும் ஜாஸ்தியாக இருக்கின்றன, விடக்கூடாது என்று. தங்கதுரை அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, நல்லவேளை ஜெயம்மா என்று மட்டும் சொன்னார். பிறகு சார் அளவை மாற்றி, நேரத்தையும் கூட்டினார், மூன்றாவது ரிப்போர்ட்தான் தேறியது. இப்போது பெரிய தொட்டியே கட்டியாகிவிட்டது, அதற்குப் பொறுப்பு நான். ஊர்க்கிணற்றை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தத் தண்ணீரை மாட்டுக்குக்கூட இன்னும் காட்டவில்லை, அதையும் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

நேற்று தொட்டியைச் சோதிக்க வந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா என்னைத் துருவித் துருவிக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்றார். “எம் பொண்ணுகிட்டங்க, போன்லயே” என்றேன். அவர் சிரிக்கவில்லை, நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மலையாளும் சாமி உன்னைக் கண்போல் காக்கட்டும். அந்த உப்பு என் புடவையில் நாலு ஓட்டை போட்டுவிட்டது, கையுறை இல்லாமல் நீ அதைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. ஜெயம்மாள்