எண்ணெய் ஓடிய தூரம்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

என் இயற்பெயரை நீங்கள் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தியதில்லை. ஆகவே நீங்கள் எனக்குச் சூட்டி, உங்கள் வீட்டுக் குழந்தைகள் வரை பரப்பிவிட்ட ‘அடிஸ்கேல்’ என்னும் பெயரிலேயே இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே. உங்கள் டர்போ காருக்கு எந்த என்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கேட்டீர்கள். அதற்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வாய்மொழியாகத் தொடங்கிய பதிலைப் பாதியில் வெட்டிவிட்டு, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டீர்கள். அவர் பல் மருத்துவர்.

இங்கு உங்கள் தங்கை நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். குளியலறைக் குழாய்க் கசிவை நானே சரிசெய்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வந்திருந்த எல்லோர் முன்னாலும் பானட்டைத் திறந்து, எண்ணெய் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் குச்சியை உருவித் தூக்கிக் காட்டினீர்கள். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. “பாருங்க மாப்பிள்ளை, ஊர்ல எல்லார் வண்டியும் ஆயிலைக் குடிக்குது. நம்ம வண்டி சுரக்குது” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தங்கை, அண்ணன் சாதித்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தாள். தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராக இருந்த ஒருவர் என்ஜினைப் பசுமாடு என்று நம்புவதை அன்றுதான் நேரில் கண்டேன்.

சுரந்தது பெட்ரோல். உங்கள் வண்டியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. என்ஜின் சூடேறாத நிலையில் அதில் ஒரு பங்கு எரியாமல் சுவரோடு வழிந்து கீழே எண்ணெயில் கலக்கிறது. மட்டம் ஏறுகிறது, எண்ணெய் நீர்த்துப்போகிறது. முகர்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். மூக்கைவிட வாய்க்கு அதிக வேலை கொடுப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

நான் மெல்லிய குழாய் விட்டு மாதிரி எடுத்தபோது, “என்ன மாப்பிள்ளை, வண்டிக்குச் சுகர் இருக்கான்னு பாக்கப் போறீங்களா?” என்று இன்னொரு சிரிப்பு வாங்கினீர்கள். முடிவு வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு சதவீதம் வரை பெட்ரோலைப் பொறுத்துக்கொள்வோம், நான்கில் எச்சரிப்போம். உங்களுடையது ஏழு. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். நீங்கள் அதைத் தண்ணீர் ஊற்றிய மோராக்கி வைத்திருக்கிறீர்கள்.

பல் மருத்துவர் பரிந்துரைத்த கெட்டியான 20W-50 வேண்டவே வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். பெட்ரோல் கலந்தால் அதுவும் நீர்க்கும். டப்பாவில் விற்கும் ‘என்ஜின் டானிக்’ எதையும் தொடாதீர்கள். உங்கள் வண்டியின் கையேடு இரண்டு தரங்களை அனுமதிக்கிறது. அவற்றுள் சற்றுக் கனமான 5W-30, முழு சிந்தெடிக் வாங்க வேண்டும். கையேட்டில் உள்ள அங்கீகார எண் டப்பாவின் பின்புறம் அப்படியே அச்சாகியிருக்க வேண்டும். முன்புறத்துப் புலிப்படத்தைப் பார்த்து வாங்குவது உங்கள் வழக்கம் என்பதால் இதை அடிக்கோடிட்டிருக்கிறேன். ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இத்துடன் முடிந்தது. ஆனால் உங்கள் வண்டியை எந்த எண்ணெயாலும் காப்பாற்ற முடியாது.

மாதிரிப் படிவத்தில் ‘எண்ணெய் ஓடிய தூரம்’ என்றொரு கட்டம் உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டு நான் கையெழுத்திட்டதில்லை. ஆகவே நீங்கள் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கார்க் கதவு விளிம்பில் பட்டறைக்காரர் ஒட்டிய சீட்டையும் மீட்டரையும் பார்த்தேன். எண்ணெய் மாற்றி நான்கு மாதம் ஆகிறது. ஓடியிருப்பது 412 கிலோமீட்டர். தினமும் தொழிற்சாலைக்குப் போய்வரத் தொண்ணூறு கிலோமீட்டர், முதுகு ஒடிகிறது என்று அன்று மதியம்கூட அலுத்துக்கொண்டீர்கள். தினமும் அவ்வளவு தூரம் சூடாக ஓடும் வண்டியில் ஏழு சதவீதம் பெட்ரோல் தங்காது, ஆவியாகிவிடும். இது காலையில் கிளம்பி, இரண்டு கிலோமீட்டர் போய், ஏதோ மரநிழலில் ஏசி ஓட நாள் முழுவதும் நின்று, மாலையில் திரும்பும் வண்டியின் எண்ணெய்.

தொழிற்சாலையைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தேன். உற்பத்தி மேலாளர் என்று வேறொருவர் பெயரைச் சொன்னார்கள்.

வேலை போவது யாருக்கும் நேரக்கூடியதுதான், மச்சான். ஆனால் நான்கு மாதம் காருக்குள் உட்கார்ந்து எழுந்துவந்து, முதுகு வலிக்கிறதென்று மனைவியிடம் தைலம் தேய்த்துக்கொள்ளும் மனிதரை எந்த வரிசையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யாவது ஒழுங்காகச் சொன்னீர்களா? மீட்டரை மறந்துவிட்டு, சாட்சியைக் குச்சியில் தொட்டு ஊருக்கே காட்டினீர்கள்.

முறைக்கு எனக்கு அக்காவாகிற உங்கள் மனைவி நேற்று அழைத்தார். முடிவு வந்ததா என்று கேட்டார். பெட்ரோல் கலந்திருக்கிறது என்றேன். “அவர் தினமும் அவ்வளவு தூரம் ஓட்டுறாரே தம்பி, அதனாலதான் கலக்குதா?” என்றார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் இருவரும் இங்கு வரும்போது நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவேன். என்னால் பொய் சொல்ல முடியாது என்பதை வைத்துத்தானே இத்தனை ஆண்டுகள் சிரித்தீர்கள்? அந்த உண்மை என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போகக் கூடாது. உங்கள் தங்கையிடமும் நான் இதுவரை சொல்லவில்லை. அவளிடம் நான் மறைத்த முதல் விஷயம் இது. அதுவும் உங்களுக்காக என்று நினைக்கும்போது அருவருப்பாக இருக்கிறது.

வீட்டு முகவரிக்கு அனுப்பினால் அக்கா பிரித்துவிடுவார். அலுவலக முகவரி உங்களுக்கு இல்லை. ஆகவே இதை ஒட்டிய உறையில் வைத்துப் பல் மருத்துவரின் கிளினிக்குக்கு அனுப்புகிறேன். எண்ணெயைப் பற்றித்தான் அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறர் கடிதத்தைப் பிரிக்கும் மனிதரல்லர்.

எண்ணெய் மாற்றும்வரை அந்த வண்டியில் போய் உட்காராதீர்கள். அக்கா கேட்டால் அடிஸ்கேல் தடை போட்டிருக்கிறான் என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

இனி நான் செய்யப்போவது இது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை ஏழரை மணிக்கு, நான்கு லிட்டர் எண்ணெயோடும் புதிய ஃபில்டரோடும் உங்கள் தெருமுனையில் நிற்பேன். பட்டறையில் பழையதை வடித்துப் புதியதை ஊற்றிய பின், நீங்கள் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து, நெடுஞ்சாலையில் நிற்காமல் ஒரு மணி நேரம் போய்வருவோம். என்ஜினுக்கு அது தேவை. வழியில் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மாலையில் உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் மட்டும் இறங்கி உள்ளே போவீர்கள். அக்காவிடம் சொல்லி முடித்து நீங்கள் வெளியே வரும்வரை, எவ்வளவு நேரமானாலும், என்ஜினை அணைத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இவண்,
உங்கள் தங்கையின் கணவன்