தீர்த்தமலைக்கு என்று சொன்னாய்

இன்று காலை டிவியில் ஓர் இனிப்புப் பெட்டியைக் காட்டினார்கள். பனிமலையில், கனத்த கோட்டு போட்ட நம் அதிகாரி அதை நீட்ட, எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரி சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார். இரண்டு நாடுகளும் படைகளைப் பின்னுக்கு நகர்த்த ஒப்புக்கொண்டுவிட்டனவாம். என் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆதார் நகலுக்குத் திரும்பினார்கள். இதே இனிப்பை இரண்டு குளிர்காலம் முன்னால் கொடுத்திருந்தால் என்னடா கெட்டுப்போயிருக்கும்?

கடைசியாக நீ எல்லையிலிருந்து லீவில் வந்தபோது, பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே எனக்கு உலக அரசியல் சொன்னாய். "அங்க வரப்புன்னு ஒண்ணு கெடையாதுடா. அவன் ஒரு கோடு சொல்றான், நாம ஒரு கோடு சொல்றோம். ரெண்டுக்கும் நடுவுல நாங்க நடக்கறோம்." அவன் ரோடு போட்டால் நாம் பாலம் கட்டுவோமாம், நாம் பாலம் கட்டினால் அவன் கூடாரம் அடிப்பானாம். "இப்ப மொதல்ல யார் எறங்கறதுங்கறதுதான் சண்டையே" என்று சிரித்தாய். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன்.

ஜோதிக்கு இதெல்லாம் தெரியாது. கீழே அடிவார முகாமின் ரேஷன் ஸ்டோரில் வேலை என்று பொண்டாட்டியிடம் புளுகி வைத்திருந்தாய். ஒருமுறை வாய்தவறி "மேல போறேன்" என்றதற்கு, "அந்தப் பேச்செல்லாம் வாயில வரக்கூடாதுங்க" என்று அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். அதனால்தான் நமக்குள் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டோம். உச்சி முகாமுக்கு ஏறுகிறாய் என்றால் 'தீர்த்தமலை'. இருக்கும் இடத்தைப் போனில் சொல்லக்கூடாது என்ற உத்தரவுக்கும் அது தோதாக இருந்தது.

பாப்பாவுக்குக் காது குத்துவதாக நீங்கள் வேண்டிக்கொண்டதும் அதே தீர்த்தமலைக் கோயிலுக்குத்தான் என்பதை எப்படியடா மறந்தாய்? மேலே ஏறச் சொல்லி உனக்கு உத்தரவு வந்த அன்று என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. லைன் கிடைத்த அரை நிமிஷத்தில் ஜோதியைக் கூப்பிட்டு, "புதன்கெழம தீர்த்தமலைன்னு அவன்கிட்ட சொல்லிரு" என்று வைத்துவிட்டாய்.

அவள் கடைக்கு ஓடி வந்தாள். "லீவு கெடைச்சிருச்சுங்கண்ணா! புதன்கெழம காதுகுத்து. வூட்டுக்கு வந்துடுங்க, எல்லாரும் ஒண்ணாப் போயிரலாம்." அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அது லீவு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அவள் தர்மபுரிக்குப் போய்க் கம்மல் வாங்கி வந்தாள்.

புதன்கிழமை நீ மேலே ஏறினாய். ரயில் தாமதம்போல என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை. அந்த உயரத்தில் உன் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம், பனிப்புயலில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லையாம். இரண்டு நாடுகளும் எல்லைக்கோட்டை விட்டுக்கொடுக்கவில்லை, உன்னைத்தான் விட்டுக்கொடுத்தன. காதுகுத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களே உன்னைத் தூக்கவும் நின்றார்கள்.

இன்று டிவியில் அந்தச் செய்தி மறுபடி ஓடும்போது ஜோதி வந்தாள். பாப்பாவின் சான்றிதழை நகல் எடுக்க வேண்டுமாம். திரையைப் பார்த்து, "எல்லாரும் எறங்கிட்டாங்களாண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். சான்றிதழை என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தச் செவ்வாய்க்கெழம ஒருதடவ போன் அடிச்சாருங்கண்ணா. சமையலுக்கு ஆள் பேசிட்டு இருந்தேன், எடுக்கல. நாளைக்கு வரப்போறாரே, நேர்ல பேசிக்கலாம்னு விட்டுட்டேன். லீவே போடலைன்னு ஆபீசர் சொல்றாரு. அப்புறம் ஏன் தீர்த்தமலைன்னு சொன்னாரு? உங்ககிட்டயாச்சும் ஏதாவது சொல்லியிருந்தாருங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

ரகசியம் உன்னுடையது, நீ சொல்லச் சொல்லவில்லை என்று பழியை உன் மேல் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன். நடக்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அவள் அந்தப் போனை எடுத்திருப்பாள். நகலை வாங்கிக்கொண்டு, "வர்றேங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நான் இன்னும் அண்ணன்தான்.